ஃபாயென்சா ஜாடியும் கறுப்புக் கூஜாவும்: இத்தாலியில் பழம்பொருள் வாங்கி நான் பட்டது

இத்தாலியில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் போன மாதம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அக்கா, இங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ஜாடி, கூஜா எல்லாம் அவ்வளவு அழகாக இருக்கிறது. வீட்டில் வைக்க ஒன்று வாங்கலாமா?" தாராளமாக வாங்கலாம், ஆனால் நான் வாங்கிய கதையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள் என்றேன். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால் எழுதுகிறேன். எனக்கு மொத்தம் 2,684 யூரோ செலவானது. அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். பணமாவது போகட்டும், நாலு மாதம் ராத்திரி தூக்கம் இல்லாமல் கிடந்தேன். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

2019 மார்ச்சில் பொலோன்யாவுக்குப் போனேன். பொட்டலம் கட்டும் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலைகள் அந்த ஊரைச் சுற்றி நிறைய உண்டு. அப்படி ஒன்றில் வடிவமைப்புப் பிரிவில் எனக்கு வேலை. தனியாக இருந்ததால் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் ஏறி எங்காவது போய்விடுவேன். அப்படித்தான் ஒரு நாள் ஃபாயென்சா போனேன், ரயிலில் சுமார் அரை மணி நேரம். பீங்கானுக்குப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் 'ஃபாயான்ஸ்' என்று ஒரு பெயர் உண்டே, அது இந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்ததுதான். அங்கே 1908இல் தொடங்கிய சர்வதேச மட்பாண்ட அருங்காட்சியகம் இருக்கிறது. 1944இல் குண்டு விழுந்து பெரும்பகுதி நொறுங்கி, மறுபடி எழுப்பிய இடம். உள்ளே ஒரு கூடத்தில் மருந்துக் கடை ஜாடிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். இத்தாலியில் அதற்கு 'ஆல்பரெல்லோ' என்று பெயர். நீள உருளை, இடுப்பு மட்டும் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். நெருக்கமாக அடுக்கிய தட்டிலிருந்து ஒரு கையால் உருவி எடுக்க அந்த இடுப்பு. வாயின் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். மூடி கிடையாது. தோலையோ துணியையோ வாயில் போர்த்தி, விளிம்புக்குக் கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்களாம். அதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் அப்பத்தா ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டுவது அப்படியேதான். காரைக்குடிப் பக்கத்தில் எங்கள் வீட்டில் மேல்பாதி பழுப்பும் கீழ்பாதி வெள்ளையுமாக ஐந்து ஜாடிகள் இருந்தன, அப்பத்தா போன பிறகு யார் யாரோ எடுத்துப்போனார்கள். அந்தக் கூடத்தில் நின்றபோதே எனக்கென்று ஒரு ஜாடி வேண்டும் என்று மனம் பிடித்துக்கொண்டது.

இந்த வகைப் பாண்டத்துக்கு மயோலிகா என்று பெயர். சுட்ட மண்ணின்மேல் வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சு, அது காய்ந்ததும் சுடாத அந்தப் பூச்சின் மேலேயே தூரிகையால் வரைந்து மறுபடி சூளையில் வைப்பார்கள். பூச்சு சாயத்தை உடனே உறிஞ்சிவிடும், அழித்து வரைய முடியாது. சூளைச் சூட்டைத் தாங்கும் சாயங்களும் சிலவே: கோபால்ட் நீலம், ஆண்டிமனி மஞ்சள், செம்புப் பச்சை, மாங்கனீசு ஊதா, இரும்பிலிருந்து வரும் ஆரஞ்சு. ஃபாயென்சா, டெரூட்டா, உர்பீனோ, அப்ருட்சோவில் காஸ்தெல்லி, சிசிலியில் கால்தஜிரோனே என்று ஊருக்கு ஊர் ஒரு கை வழக்கம் உண்டு. இதையெல்லாம் இரண்டு வருடம் படித்தேன். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிவிட்டேன். ஒரு பழைய ஜாடியைக்கூட நான் கையில் தூக்கிப் பார்த்ததில்லை. என் முதல் தவறு அதுதான். கண்ணாடிப் பெட்டியில் ஜாடியின் அடிப்பாகம் தெரியாது, எடை தெரியாது, தட்டினால் எப்படிக் கேட்கும் என்பது தெரியாது. வாங்க நினைப்பவர்கள் அருங்காட்சியகம் போகிற அளவுக்குப் பழம்பொருள் சந்தைக்கும் போய், வாங்காமல், கேட்டுக் கேட்டுக் கையில் எடுத்துப் பாருங்கள். டஸ்கனியில் அரெட்சோ நகரில் 1968 முதல் மாதாமாதம் முதல் ஞாயிறும் அதற்கு முந்தைய சனியும் பெரிய சந்தை கூடுகிறது. அங்கே ஒரே நாளில் ஐம்பது ஜாடியின் அடிப்பாகத்தைப் பார்க்கலாம். நான் அதைச் செய்தது எல்லாம் முடிந்த பிறகு.

2021 அக்டோபர். ஒரு சின்ன ஊர்ச் சந்தை, பெயர் வேண்டாம். வயதானவர், கம்பளி மேலாடை, மெதுவான பேச்சு. பனி மூட்டமான காலை. மேசையில் 24 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு ஆல்பரெல்லோ. நீலக் கொடி, மஞ்சள் பூ, நடுவில் ஒரு பட்டையில் பழைய எழுத்தில் 'தெரியாகா' என்று மருந்தின் பெயர். பாம்பு இறைச்சி உட்பட அறுபதுக்கு மேற்பட்ட சரக்கு சேர்த்துச் செய்த பழைய விஷமுறிவு லேகியம் அது. பொலோன்யாவில் ஊரார் பார்க்க ஆர்க்கிஜின்னாசியோ என்ற பழைய பல்கலைக்கழகக் கட்டடத்தின் முற்றத்தில் வைத்து அதைக் கிண்டுவார்கள் என்று படித்திருந்தேன். தினமும் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் நடப்பேன். என் ஊரின் மருந்து, என் ஊரின் ஜாடி என்று உருகிப்போனேன். அவர் 1,800 சொன்னார், 1,450க்கு இறங்கினார். பணமாகக் கொடுத்தால் இன்னொன்றும் காட்டுகிறேன் என்று மேசைக்கு அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றியதை எடுத்தார். கைக்குள் அடங்கும் கறுப்புக் கூஜா. வாய் மூன்று இதழாக மடிந்திருந்தது. கறுப்பின்மேல் வெள்ளையும் மஞ்சளுமாகத் திராட்சைக் கொடி, நூல் கனத்துக்கு. "புல்யாவில் தாத்தா நிலம் உழும்போது கிடைத்தது" என்றார். புல்யா இத்தாலியின் தென்கோடி. 300 யூரோ. பாங்கு இயந்திரத்தில் இரண்டு தடவை பணம் எடுத்துக் கொடுத்தேன். ரசீது கேட்டேன். ஒரு அட்டையின் பின்பக்கம் 'வாசோ ஸ்டீலே 600, 1450' என்று எழுதிக் கொடுத்தார். வாசோ என்றால் ஜாடி. கூஜாவுக்கு ஒன்றும் எழுதவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி மூன்று விஷயம் சொல்ல வேண்டும். இத்தாலியர்கள் 'செய்செந்தோ', அதாவது 600, என்றால் 1600களைச் சொல்கிறார்கள், 17ஆம் நூற்றாண்டு. ஆனால் அதற்கு முன்னால் 'ஸ்டீலே' என்று ஒரு சொல் வந்தால் 'அந்தக் காலப் பாணியில் செய்தது' என்றுதான் பொருள். நேற்றுச் செய்த ஜாடிக்கும் அது பொருந்தும். என் அரைகுறை இத்தாலியக் காதில் அந்தச் சொல் விழவே இல்லை. அட்டையில் எழுத்தில் இருந்தும் என் கண்ணில் படவில்லை. பின்னால் வழக்கறிஞர் அந்த அட்டையைப் பார்த்ததும், "இந்த ஒரு வார்த்தை போதும், அவர் பொய் சொல்லவில்லை என்று ஆகிவிடும்" என்றார். இரண்டாவது, தொழிலாகப் பழம்பொருள் விற்பவர் வாங்குபவருக்கு அசல் தன்மையையும் பொருள் வந்த வழியையும், உறுதியாகத் தெரியாவிட்டால் எது தெரியுமோ அதை, எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இத்தாலியின் 2004ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தில் 64ஆம் பிரிவே இருக்கிறது. அந்தத் தாளைக் கேளுங்கள். ஒழுங்கான வியாபாரி முகம் கோணாமல் தருவார். காலம், ஊர், எங்கெங்கே ஒட்டுவேலை நடந்திருக்கிறது, விற்பவர் பெயர், வரி எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். மூன்றாவது, காசாகக் கொடுத்தால் விலை குறைப்பதாகச் சொன்னால், அந்தக் குறைப்பு உங்கள் கையில் ஆதாரம் இல்லாமல் போவதற்கான விலை. பாங்கு வழியாகக் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் போனபோது அந்த மேசை இருந்த இடத்தில் தேன் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஆறு மாதம் ஜாடி புத்தக அலமாரியில் ராணி மாதிரி இருந்தது. 2022 ஏப்ரலில் ஒரு தோழி டூலிப் பூ கொண்டுவந்தாள். ஜாடியில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். காலையில் பார்த்தால் அலமாரிப் பலகையில் வட்டமாக ஈரம். பழைய மயோலிகா தண்ணீரைத் தாங்காது என்பது எனக்குத் தெரியாது. மேல்பூச்சில் மயிரிழை வெடிப்புகள் இருக்கும், அதன் வழியே உள்ளே இருக்கும் மண் தண்ணீரைக் குடித்துவிடும். அப்புறம் உப்புப் பூத்துப் பூச்சையே தள்ளும். பூ வைத்தே ஆக வேண்டும் என்றால் உள்ளே ஒரு கண்ணாடி டம்ளரை இறக்கி அதில் தண்ணீர் ஊற்றுங்கள். சரி, ஈரத்தைத் துடைத்துக் காயவைத்தேன். ஒரு வாரம் கழித்துக் கழுத்தோரத்தில் நீலக் கொடி ஒன்று பாலாடை மாதிரி சுருங்கி எழும்பி நின்றது. விரல் பட்டதும் உதிர்ந்தது. அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு. சூளையில் வெந்த நீலம் உதிராது. நெஞ்சு திக்கென்று ஆகி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஃபாயென்சாவில் பீங்கான் பழுதுபார்க்கும் ஒரு அம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் பேசவே இல்லை. ஜாடியை மடிமேல் துணி விரித்து வைத்து, விரல் கணுவால் இடுப்பில் தட்டினார், கணீர் என்று ஒரு சின்ன மணியோசை. கழுத்தில் தட்டினார், டொக் என்றது. என் விரலைப் பிடித்து இரண்டு இடத்திலும் வைத்தார். இடுப்பு ஜில்லென்று இருந்தது, கழுத்து கொஞ்சம் வெதுவெதுப்பு. விளக்கை அணைத்துவிட்டுப் புறஊதா டார்ச்சை அடித்தார். கழுத்து முழுக்கப் பால்வெள்ளையாக ஒளிர்ந்தது, மருந்துப் பெயர் எழுதிய பட்டையில் பாதியும் ஒளிர்ந்தது. அங்கெல்லாம் பின்னாளில் பூசிய பெயின்ட். கடைசியில் ஜாடியைத் தலைகீழாக்கி அடிப்பாகத்தைச் சாய்வெளிச்சத்தில் காட்டினார். நடுவில் ஒரு யூரோ நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. சுற்றிலும் மண் சொரசொரப்பு. "இங்கே ஒரு முத்திரை இருந்தது, யாரோ சாணை பிடித்து எடுத்திருக்கிறார்கள்" என்றார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மறுமலர்ச்சிக் காலப் பாண்டங்களுக்கு மறுபடி மவுசு வந்து, ஃபுளோரன்சில் கான்தகல்லி, அதன் பக்கத்தில் ஜினோரி போன்ற பட்டறைகள் பழைய பாணியில் ஆயிரக்கணக்கில் செய்தன. கான்தகல்லியின் முத்திரை ஒரு சேவல். அவர்கள் யாரையும் ஏமாற்றச் செய்யவில்லை, தங்கள் முத்திரையைப் போட்டுத்தான் விற்றார்கள். அந்த முத்திரையைத் தேய்த்து, உடைந்த கழுத்தைச் சுண்ணாம்பால் கட்டி, பிரபலமான மருந்துப் பெயரை எழுதி வயதைக் கூட்டியது பின்னால் வந்த யாரோ. "தெரியாகா என்று எழுதியிருந்தால் நான் இரண்டு தடவை பார்ப்பேன்" என்றார் அந்த அம்மா. இந்த நிலையில் இதன் விலை 200 யூரோ என்றும் சொன்னார்.

எனக்கு நம்ப மனமில்லை. வேண்டாம் என்று அவர் சொல்லியும் வெப்ப ஒளிர்வுச் சோதனைக்குக் கொடுத்தேன். அடியில் நுண்ணிய துளை போட்டுச் சிட்டிகைத் தூள் எடுப்பார்கள். மண்ணில் இருக்கும் படிகங்கள் சுற்றியுள்ள கதிர்வீச்சைச் சேர்த்துவைத்திருக்கும், சூடாக்கினால் அதை ஒளியாக விடும். அதன் அளவை வைத்துக் கடைசியாகச் சூளையில் வெந்தது எப்போது என்று கணக்கிடுவார்கள். வருடம் துல்லியமாக வராது. 400 வயதா 100 வயதா என்று பிரித்துச் சொல்லும், அவ்வளவுதான். 340 யூரோ, ஆறு வாரம். 100 முதல் 180 ஆண்டுக்குள் என்று வந்தது. அந்த அம்மா தட்டிப் பார்த்தே சொன்னதுக்கு நான் 340 கட்டினேன். பல ஆயிரம் யூரோ பொருளுக்கு இந்தச் சோதனை சரி. நம்மைப் போன்றவர்கள் வாங்கும் முன் ஒரு பழுதுபார்ப்பவருக்கு 30, 40 யூரோ கொடுத்துக் காட்டுவது எவ்வளவோ மேல். அதற்கும் முன்னால், 14 யூரோவுக்குக் கிடைக்கும் புறஊதா டார்ச் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலங்கியைத் தலைக்குமேல் போர்த்தி இருட்டாக்கி அடித்துப் பாருங்கள். விற்பவர் கோபித்துக்கொண்டால் அதுவே பதில். அடிப்பாகத்தைப் பாருங்கள். முந்நூறு வருடம் தட்டிலும் தரையிலும் உரசிய ஜாடிக்கு அடிவிளிம்பு ஒழுங்கில்லாமல் தேய்ந்து மழுங்கியிருக்கும், வெடிப்புகளில் அழுக்கு இடத்துக்கு இடம் மாறியிருக்கும். உடம்பு முழுக்க ஒரே சீராக வெடித்து ஒரே பழுப்பு ஏறியிருந்தால் அது தேநீரில் ஊறியதாக இருக்கலாம். கை படாத இடத்தில் தேய்மானம் இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

இவ்வளவும் பண நஷ்டம். கோபம் வந்தது, அழுதேன், அப்புறம் ஆறிவிட்டது. ஆனால் அந்தக் கறுப்புக் கூஜா வேறு கதை.

2023 பிப்ரவரியில் ஊர் திரும்ப முடிவெடுத்தேன். சாமான் அனுப்பும் நிறுவனம் ஒரு பட்டியல் கேட்டது. எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. ஜாடியையும் கூஜாவையும் எழுதிவிட்டு, அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் ஒருவரிடம் கூஜாவின் படத்தைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. "இது மண்ணிலிருந்து எடுத்ததா? யாரிடமும் காட்டாதே. முதலில் வழக்கறிஞரைப் பார்" என்றார். அன்று இரவு முழுக்க உட்கார்ந்து படித்தேன். 1909ஆம் ஆண்டின் 364ஆம் எண் சட்டம் முதல், இத்தாலி மண்ணில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். உங்கள் நிலமாக இருந்தாலும், உழும்போது ஏர்முனையில் தட்டுப்பட்டாலும் அப்படித்தான். அதற்கு முன்பே குடும்பத்தில் இருந்தது, அல்லது அரசே கொடுத்தது என்று தாள் இருந்தால்தான் தனியார் கையில் இருக்கலாம். 'தாத்தா உழும்போது கிடைத்தது' என்று அவர் சொன்னதைப் பொருளுக்கு ஒரு நல்ல கதை என்று எடுத்துக்கொண்டேன், உண்மையில் அந்த வாக்கியத்திலேயே பொருள் அரசுடையது என்று இருந்தது. 2022 மார்ச்சில் வந்த 22ஆம் எண் சட்டம் இந்தக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டியிருந்தது. திருட்டுப் பண்பாட்டுச் சொத்து என்று தெரிந்தே வாங்கினால் 4 முதல் 10 ஆண்டு, சட்டவிரோதமாக நாட்டைவிட்டுக் கொண்டுபோனால் 2 முதல் 8 ஆண்டு. அந்த எண்களைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. தங்கும் அனுமதி, அம்மா, இத்தனை வருட வேலை எல்லாம் கண்முன் வந்தன. தூக்கி ஆற்றில் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உங்களுக்கும் தோன்றலாம் என்பதால் எழுதுகிறேன். செய்யாதீர்கள்.

வழக்கறிஞருக்கு 400 யூரோ. தானாக முன்வந்து ஒப்படைப்பதுதான் வழி என்று அவர் கடிதம் எழுதினார். இத்தாலியில் 1969 முதல் கலைப்பொருள் திருட்டுக்கென்றே கராபினியேரி என்ற காவல் படையில் தனிப் பிரிவு இருக்கிறது. மார்ச் கடைசியில் அங்கே மூன்று மணி நேரம் வாக்குமூலம் கொடுத்தேன். எங்கே, எப்போது, யார், எவ்வளவு, அட்டை எங்கே, ஏன் பணமாகக் கொடுத்தாய். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். தொல்லியல் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். கையுறை போட்டுக் கூஜாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புல்யாவின் எக்னாட்சியா என்ற பழைய நகரத்தின் பெயரால் அழைக்கப்படும் வகை, கி.மு. 4 அல்லது 3ஆம் நூற்றாண்டு, அசல் என்றார். உள்ளே விரலால் தடவிவிட்டு, "கழுவினீர்களா?" என்று கேட்டார். ஆமாம், வாங்கிய அன்றே பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் உள்ளே ஒட்டியிருந்த செம்மண்ணை எல்லாம் சுத்தமாகத் தேய்த்துக் கழுவியிருந்தேன். தண்ணீர் பட்டதும் புதுமழை வாசனை வந்தது, அதை ரசித்துக்கூட நின்றேன். அவர் திட்டவில்லை. இதில் மது இருந்ததா எண்ணெய் இருந்ததா என்று அந்த மண் சொல்லியிருக்கலாம் என்றார். எந்தக் கல்லறையில், யார் பக்கத்தில், எந்தப் பாண்டங்களோடு இருந்தது என்று தெரிந்திருந்தால் ஒரு குடும்பத்தைப் பற்றியே தெரிந்திருக்கும், இப்போது இது அழகான ஒரு கூஜா, அவ்வளவுதான் என்றார். 2,300 வருடம் யாரோ ஒருவரின் தலைமாட்டில் இருந்த கூஜா. என்னிடம் இருந்த எல்லாவற்றிலும் எனக்கு அதுதான் பிடித்தது. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நெடுநேரம் அழுதேன். பயத்தில் மட்டும் வந்த அழுகை இல்லை அது. கல்லறை தோண்டித் திருடுபவனுக்கு அங்கே 'தொம்பரோலோ' என்று பெயர். நான் கொடுத்த 300 யூரோவில் ஒரு பங்கு அப்படி ஒருவன் கைக்குத்தான் போயிருக்கும்.

நடவடிக்கை இல்லை என்று வழக்கறிஞரிடமிருந்து தகவல் வர ஜூலை கடைசி ஆனது. தெரியாமல் வாங்கியதும் தானாக ஒப்படைத்ததும் காப்பாற்றின. ஆகவே மண்ணிலிருந்து வந்த எதையும், ரோமானிய விளக்கோ, ரோமானியருக்கு முந்தைய எத்ருஸ்க மக்களின் கிண்ணமோ, தாள் இல்லாமல் தொடாதீர்கள். கராபினியேரியின் திருட்டுப் பொருள் பட்டியல் பொதுமக்களும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது, தேவாலயங்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் காணாமல் போன ஜாடிகளும் அதில் உண்டு. ஆனால் கள்ளத்தனமாகத் தோண்டி எடுத்தது எந்தப் பட்டியலிலும் இருக்காது, அது மண்ணுக்குள் இருந்ததே யாருக்கும் தெரியாதே. பட்டியலில் இல்லை என்பதை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ள முடியாது.

இதற்கு நடுவில் ஜாடியைப் பழைய கழுத்தை எடுத்துவிட்டு ஒழுங்காகக் கட்டித் தரச்சொல்லி அந்த ஃபாயென்சா அம்மாவிடம் கொடுத்திருந்தேன், 180 யூரோ. மே மாதம் பெருவெள்ளம் வந்தது. லாமோனே ஆறு இரண்டு தடவை ஊருக்குள் புகுந்தது. சனிக்கிழமை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போனேன். தெருவெல்லாம் பழுப்புச் சேறு, பட்டறை பட்டறையாகக் களிமண்ணும் உடைந்த தட்டுகளும் வெளியே கொட்டிக் கிடந்தன. அந்த அம்மாவின் பட்டறையில் இடுப்பளவு தண்ணீர் நின்றிருக்கிறது. அவர் சூளை போய்விட்டது. என் ஜாடி மேல்தட்டில் இருந்ததால் தப்பியது. அது தப்பியதைச் சொல்லத்தான் முதலில் வாயைத் திறந்தார். எனக்குப் பேச்சு வரவில்லை, இரண்டு நாள் அவரோடு சேறு அள்ளினேன்.

ஜாடியை வெளியே கொண்டுவருவது பயந்த அளவுக்குச் சிரமமாக இல்லை. 2017இல் சட்டத்தைத் திருத்தி வயது வரம்பை 50இலிருந்து 70 ஆண்டாக்கினார்கள். செய்தவர் உயிரோடு இல்லாமல், 70 ஆண்டுக்கு மேற்பட்டு, மதிப்பு 13,500 யூரோவுக்குக் கீழே என்றால் உரிமம் வேண்டியதில்லை. ஏற்றுமதி அலுவலகத்தின் இணையத் தளத்தில் படம், அளவு, மதிப்புக்கு ஆதாரம் வைத்து ஒரு அறிவிப்புத் தர வேண்டும். தொல்பொருளுக்கு இந்தச் சலுகை கிடையாது. எனக்கு மூன்று வாரம் ஆனது, எனவே கடைசி மாதத்துக்கு விட்டுவிடாதீர்கள். கப்பலில் போட மனமில்லாமல் கைப்பையில் கொண்டுவந்தேன். உள்ளே மெல்லிய துணியைத் தளர்வாக நிரப்பி, அமிலமில்லாத தாளில் சுற்றி, நுரை வைத்த பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. பூச்சின்மேல் ஒட்டுநாடா படவே கூடாது, பழைய ஒட்டுவேலையைப் பிய்த்துக்கொண்டு வரும். தூக்கும்போது கழுத்தையோ கைப்பிடியையோ பிடிக்காமல் ஒரு கை அடியில், ஒரு கை இடுப்பில்.

இன்றைக்கு யாராவது கேட்டால், முத்திரை உள்ள 19ஆம் நூற்றாண்டுப் பாண்டத்தையோ, ஃபாயென்சாப் பட்டறையில் இப்போது கையால் வரைந்ததையோ வாங்கச் சொல்வேன். நூறு, இருநூறு யூரோவில் கண்ணுக்கு நிறைவான ஜாடி கிடைக்கும், செய்தவர் பெயரும் தெரியும். பழையதே வேண்டும் என்றால் அச்சிட்ட பட்டியல் போடும் ஏல நிறுவனம் நல்லது. ஏலத் தொகைக்குமேல் அவர்கள் கட்டணம் தனி, நான் பார்த்த இடத்தில் 25 சதவீதம். அதைச் சேர்த்துக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஜாடி காரைக்குடியில் அம்மா வீட்டு முற்றத்துக்குப் பக்கத்து மாடத்தில் இருக்கிறது. புதுக் கழுத்து மற்ற இடத்தைவிட ஒரு சாயல் வெளிறியே இருக்கும், அந்த அம்மா வேண்டுமென்றே அப்படி விட்டார், எது பழசு எது புதுசு என்று அடுத்துப் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டுமாம். வந்த வாரமே அம்மா, "ஏன்டி, வெறுமனே நிக்குதே, மாவடு போட்டு வச்சிரவா?" என்று கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்று ஓடிப்போய் நின்றேன். இந்தப் பூச்சில் ஈயம் இருக்கிறது, உப்பும் புளிப்பும் பட்டால் இறங்கிவிடும். சாப்பாட்டுச் சாமான் எதையும் இதில் வைக்கக் கூடாது. அம்மா சரி என்றுவிட்டு, பல்லி விழுந்துவிடும் என்று அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து வாயில் போர்த்தினார்கள். சணலை எடுத்து, வெளிமடிந்த விளிம்புக்குக் கீழே சரியாக அந்தப் பள்ளத்தில் இரண்டு சுற்று சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார்கள். அந்தக் கூடத்தில் நான் படித்ததை அம்மாவிடம் சொன்னதே இல்லை.